குற்றச் சக்கரவர்த்தியும் காத்தவராயனும்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஜெர்ரி சீகல் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர் எழுதியதை அவர்கள் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்கள். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் அவர் ஒருவர். 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழின் நாயகி மாடஸ்டி. ஆனால் லயனைப் பள்ளிக்கூடப் பையன்களின் பைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவன், ‘எத்தனுக்கு எத்தன்’ மூலம் அறிமுகமான ஸ்பைடர். நெற்றியில் கூராக இறங்கும் கருமுடி, நுனி சிறுத்த காதுகள், உடலை ஒட்டிய கறுப்பு உடை. வாசகர்கள் இன்றும் செல்லமாகக் ‘கூர்மண்டையர்’ என்று அழைக்கும் இந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சீகல்தான். இவனுக்கும் மார்வெல்லின் ஸ்பைடர்மேனுக்கும் எந்த உறவும் இல்லை. அக்காலப் பிரிட்டிஷ் வார இதழ்கள் கதாசிரியரின் பெயரை அச்சிடுவதில்லை. அங்கேயே இல்லாத பெயர் தமிழுக்கு எப்படி வரும்?

சூப்பர்மேனை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தமிழ் வாசகர் மனத்தில் ஸ்பைடர் பிடித்த இடத்தை அவன் பிடிக்கவில்லை. சென்னையில் மட்டுமல்ல, கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களிலும் அப்படித்தான். அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகராக இருந்த ஊர் அது. 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. திருடன் என்று தெரிந்தே ஒருவனைக் கொண்டாடும் மனம் அந்த மண்ணுக்குச் சிவகாசியிலிருந்து பேருந்தில் வந்து இறங்கவில்லை, காமிக்ஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே இருந்தது என்பது என் வாதம். அந்த மனத்தோடு சீகலின் வாழ்க்கையையும் எழுத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் இரண்டுமே தெளிவாகின்றன.

முதலில் சீகல். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துணிக்கடை வைத்திருந்தார். 1932 ஜூனில் ஒரு நாள் கடையில் திருட்டு நடந்தபோது அவர் விழுந்து இறந்தார். அடுத்த சில மாதங்களில், 1933 ஜனவரியில், சீகலும் பள்ளித் தோழர் ஜோ ஷஸ்டரும் தாங்களே உருட்டச்சில் எடுத்த ஒரு சிறு இதழில் ‘சூப்பர்மேனின் ஆட்சி’ என்று பொருள்படும் ஒரு கதையை வெளியிட்டார்கள். அந்தச் சூப்பர்மேன் நல்லவன் அல்லன். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஓர் ஏழையை ஒரு விஞ்ஞானி வீட்டுக்கு அழைத்துப்போய், விண்கல்லிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுக்கிறார். பிறர் மனத்தைப் படிக்கவும் ஆட்டுவிக்கவும் அவனுக்கு வல்லமை வருகிறது. உலகத்தையே ஆள நினைக்கிறான், விஞ்ஞானியைக் கொல்கிறான், மருந்தின் வீரியம் தீர்ந்ததும் பழைய ரொட்டி வரிசைக்கே திரும்புகிறான்.

எனவே சீகலின் கற்பனையில் வில்லன்தான் மூத்தவன், வீரன் பின்னால் வந்தவன். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமான சூப்பர்மேனும் நாம் இன்று காணும் சாந்தமான காவலன் அல்லன். மனைவியை அடிக்கும் கணவனைச் சுவரில் மோதினான். பணத்துக்கு விலைபோகும் அரசியல் கூட்டத்தை நடுநடுங்க வைத்தான். மூன்றாம் இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் அடைத்துத் தொழிலாளி படும் பாட்டைக் காட்டினான். இன்னொரு கதையில் சேரிக் குடியிருப்புகளை அவனே இடித்துத் தரைமட்டமாக்கினான். அப்போதுதான் அரசு புது வீடு கட்டித் தரும் என்பது அவன் கணக்கு. சட்டத்தை மதிக்காத வீரன் அவன். விற்பனை ஏற ஏறப் பதிப்பகம் கடிவாளம் போட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அவன் காவல்துறையின் நண்பனாகிவிட்டான்.

இதற்கிடையே சீகலுக்கு நடந்ததை ஒவ்வொரு வாசகரும் அறிந்திருக்க வேண்டும். சூப்பர்மேனின் முழு உரிமையையும் அவரும் ஷஸ்டரும் சேர்ந்து 130 டாலருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். 1947இல் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு சுமார் 94,000 டாலரில் சமரசம் முடிந்தது. அதோடு இருவர் பெயரும் இதழ்களிலிருந்து நீக்கப்பட்டன. 1959 வாக்கில் சீகல் அதே நிறுவனத்துக்குத் திரும்பிப் பெயரில்லாமல் சூப்பர்மேன் கதைகளை எழுதினார். 1960களின் நடுவில் மீண்டும் காப்புரிமை கேட்கப்போனதும் அந்த வேலையும் போயிற்று. தன் படைப்பு உலகமெங்கும் பணம் குவிக்க, தான் தெருவில் நிற்கும் ஐம்பது வயது மனிதர். அந்த நிலையில் அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்றுதான் லண்டன் ஃபிளீட்வே நிறுவனத்தின் ‘லயன்’ வார இதழுக்கு ஸ்பைடர் எழுதுவது.

ஸ்பைடரைத் தொடங்கிவைத்தவர் டெட் கௌவன். வரைந்தவர் ரெக் பன். 1965 ஜூன் 26 இதழில் முதல் பகுதி வந்தது. உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்பதே ஸ்பைடரின் ஒரே ஆசை. பூட்டு உடைப்பதில் கைதேர்ந்த ராய் ஆர்டினியையும் பேராசிரியர் பெல்ஹாமையும் கையாட்களாகச் சேர்க்கிறான். ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கோட்டைதான் அவன் மறைவிடம். வலைத் துப்பாக்கி, வாயுத் துப்பாக்கி, ஹெலிகார். துரத்துவதற்கு கில்மோர், டிராஸ்க் என்று இரண்டு போலீஸ்காரர்கள். முதல் இரண்டு கதைகளுக்குப் பிறகு பொறுப்பேற்ற சீகல், 1969 ஏப்ரலில் தொடர் முடியும் வரை எழுதினார். விண்வெளியிலிருந்து வரும் திருடன், ஏழு கொடியவர்கள், யந்திர மனிதர்களின் சக்கரவர்த்தி, வீரர்களின் சங்கம் என்று அவர் காலத்தில் கதை நியூயார்க் தெருக்களைத் தாண்டி எங்கெங்கோ பறந்தது.

கௌவன் எழுதியவற்றில் ஸ்பைடர் ஒரு கெட்டிக்காரக் கொள்ளைக்காரன். சீகல் கையில் அவன் வேறாகிறான். தன்னைவிடப் பெரிய குற்றவாளி ஒருவன் தலையெடுத்தால் அவனுக்குப் பொறுப்பதில்லை. அந்தப் புதியவனை ஒழிக்கக் கிளம்புகிறான். போகப்போக, திருடுவதைவிடத் திருடர்களைப் பிடிப்பதில்தான் சவால் இருக்கிறது என்று பக்கம் மாறுகிறான். மனம் திருந்தியதாக ஒரு காட்சி வைத்திருக்கலாம். குழந்தையின் கண்ணீர், தாயின் அறிவுரை என்று அக்காலச் சிறுவர் இதழ்களில் அதற்கு ஆயிரம் முன்மாதிரி உண்டு. சீகல் அந்த வழியில் போகவில்லை. ஸ்பைடர் நல்லது செய்வது கர்வத்தால். நகரத்தைக் காப்பாற்றிய மறுகணமே தன் மேதைமையைத் தானே புகழ்கிறான். ஆர்டினியும் பெல்ஹாமும் அவனுக்கு அஞ்சி வேலை செய்கிறார்கள், சமயம் பார்த்துக் கவிழ்க்கவும் பார்க்கிறார்கள். அன்பு, நன்றி, குடும்பம் எதுவுமில்லாத வீரன். தனக்கு உரியதைப் பிறர் தரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட ஒருவர் எழுதிய பாத்திரம் இது என்று இந்தக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அவன் தமிழுக்கு வந்த வடிவத்தையும் கிட்டப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இதழ்களில் அகலமான தாளில் வாரம் இரண்டு பக்கம் என்று வந்த தொடர் அது. ஒவ்வொரு இரண்டு பக்கத்தின் கடைசிக் கட்டமும் வாசகரை அடுத்த வாரம் வரை காக்கவைக்கும் ஆபத்தில் முடிந்தாக வேண்டும். சிவகாசியில் அதைக் கையடக்கப் புத்தகமாக்க, படங்களை வெட்டிப் பக்கத்துக்கு ஒன்றிரண்டாக அடுக்கினார்கள். இதனால் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வந்த ஆபத்துகள் எல்லாம் ஒரே மூச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. லண்டன் பையனுக்குக் கிடைக்காத இந்த வேகம் தமிழ்ப் பையனுக்குக் கிடைத்தது. ரெக் பன் நெருக்கமான கோடுகளால் இழைத்த நிழல்கள் மலிவுத் தாளில் மையோடு சேர்ந்து இன்னும் இருண்டன. கோட்டையின் கல்லும் ஸ்பைடரின் உடையும் ஒரே கறுப்பாகி, முகம் மட்டும் வெள்ளையாக மிதக்கும் பக்கங்கள் அந்த இதழ்களில் உண்டு.

ஸ்பைடருக்கு முன்பே இன்னொரு திருடன் வழி போட்டு வைத்திருந்தான். மு. சௌந்திரபாண்டியன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் ஆசிரியர். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்து 1962 அக்டோபரில் ‘வாலியன்ட்’ இதழில் தொடங்கிய தொடர் அது. ஆய்வுக்கூட உதவியாளர் லூயி கிராண்டேல் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடல் முழுதும் மறைகிறது. வல்லமை கிடைத்ததும் அவன் முதலில் செய்த வேலை திருட்டு. பிறகுதான் உளவு அமைப்பின் ஆளாக மாற்றப்பட்டான். தமிழில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்ற வகையே நல்லவனாக்கப்பட்ட ஒரு குற்றவாளியோடுதான் வேர்விட்டது.

இப்போது கள்ளக்குறிச்சிக்கு வருவோம். நடுநாடு என்று பழைய பெயர் பெற்ற இந்த வட்டாரத்தின் ஊர் எல்லைகளில், மாரியம்மன் கோயில் ஓரங்களில் காவல் நிற்கும் தெய்வங்கள் யார் என்று பார்க்க வேண்டும். மதுரை வீரனும் காத்தவராயனும் அவர்களில் உண்டு. இருவருமே தங்கள் காலத்து அதிகாரத்தின் கண்ணில் குற்றவாளிகள். மதுரை வீரன் பாளையக்காரர் மகள் பொம்மியைச் சிறையெடுத்தவன். திருமலை நாயக்கர் அவனைக் கள்ளர்களை அடக்க அனுப்புகிறார். போன இடத்தில் வெற்றி பெற்றும் வெள்ளையம்மாள் மேல் கொண்ட காதலால் பிடிபடுகிறான், கள்ளரோடு சேர்ந்தவன் என்ற பழியும் விழுகிறது. மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். காத்தவராயன் அக்கிரகாரத்துப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்படுகிறான். வேடம் மாற்றுவது, மாயம் செய்வது, காவலர்களை ஏமாற்றுவது, தன் திறமையைத் தானே பேசிக்கொள்வது எல்லாம் அவனுக்குக் கைவந்தவை. விடிய விடியக் கூத்தில் இவனைப் பார்த்த வீட்டிலிருந்துதான் மறுநாள் ஒரு பையன் ஸ்பைடரைக் கையில் எடுத்தான். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து ‘மதுரை வீரன்’, 1958இல் சிவாஜி நடித்து ‘காத்தவராயன்’ என்று சினிமாவும் இவர்களை டூரிங் கொட்டகை வரை கொண்டுசேர்த்திருந்தது. ஈழத்திலும் காத்தவராயன் கூத்துக்கு உள்ள செல்வாக்குப் பெரிது.

இந்த ஒப்புமை மேலோட்டமானது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு முக்கியமாகப் படுவது, கதை பிறகு என்ன ஆகிறது என்பது. நா. வானமாமலை தமிழ்க் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுட்டினார். சாதி வரம்பை மீறிய வீரன் செத்த பிறகு, அவன் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்படுகிறது. நெல்லைச் சீமையின் முத்துப்பட்டன் கதையில், அவன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியர் வீட்டுப் பெண்கள். பின்வந்த வடிவங்களில் அவர்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்று ஓர் ஒட்டு சேர்கிறது. மதுரை வீரனுக்கும் அதே ஒட்டு உண்டு. அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன் உண்மையில் காசி ராஜாவின் மகனாம். காத்தவராயன் சிவன் சாபத்தால் பூமிக்கு வந்த தேவலோகத்தவனாம். மீறியவனை வணங்கவும் வேண்டும், மீறல் நடக்கவில்லை என்று ஆக்கவும் வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் நடுவே கிழிபட்டு நிற்பவைதான் நம் கதைப்பாடல்கள்.

சூப்பர்மேனுக்குப் பதிப்பகம் செய்ததும் இதுவே. முதலாளியைச் சுரங்கத்தில் அடைத்தவனைப் போலீஸின் தோழனாக்கியது. இரும்புக்கை மாயாவியை உளவுத்துறையில் சேர்த்ததும் அதே திருத்தம்தான். ஸ்பைடருக்கும் கட்சி மாற்றம் வந்தது. ஆனால் சீகல் அங்கே ஒரு நேர்மையைக் காத்தார். பக்கம் மாறினாலும் ஸ்பைடரின் மனம் மாறவில்லை. அவனுக்கு ராஜ வம்சம் கண்டுபிடிக்கப்படவில்லை, துயரமான பால்யம் சேர்க்கப்படவில்லை, முகமூடிக்கு அடியில் இன்னொரு நல்ல முகம் வைக்கப்படவில்லை. ஒட்டுப் போடாத காத்தவராயன் எப்படி இருப்பான் என்று கேட்டால் ஸ்பைடரைத்தான் காட்டத் தோன்றுகிறது. சீகலின் பெரிய சாதனை சூப்பர்மேன் என்பதில் சந்தேகமில்லை. துணிவான சாதனை ஸ்பைடர் என்றே நான் மதிப்பிடுகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலும் இந்தத் திருத்தத்தின் ஒரு வடிவம் உண்டு. கச்சிராயபாளையத்திலிருந்து வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலைக்குப் போனால் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காராளர்கள் என்றும், வந்தவர்கள் சகோதரர்கள் என்றும் அவர்களிடையே ஒரு மரபு வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. வேட்டைக்குப் போனவர்களின் நாய்கள் மட்டும் வீடு திரும்ப, இறந்துவிட்டார்கள் என்று நம்பிய மனைவியர் விதவைக் கோலம் பூண்டார்கள் என்றும், பிறகு அந்த ஆண்கள் மலையில் வேறு குலப் பெண்களை மணந்தார்கள் என்றும் போகிறது கதை. இங்கே மரபு மீறல் ஒளிக்கப்படவில்லை. அதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். தோற்றம் உயர்வானது, மீறல் தவிர்க்க முடியாதது. இரண்டையும் ஒரே கதையில் வைத்திருக்கும் இந்தத் தெளிவு சமவெளிக் கதைப்பாடல்கள் பலவற்றில் இல்லை.

கூத்துக்கும் காமிக்ஸுக்கும் இடையில் ஆழமான ஒரு வேறுபாடும் இருக்கிறது. காத்தவராயன் கழுமரம் ஏறாமல் கதை முடியாது. விடியற்காலையில் அவன் ஏறுவதைக் காணத்தான் ஊர் விழித்திருக்கிறது. இதே மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. களப்பலியாகப் போகும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். மரணம்தான் அந்த வீரர்களைத் தெய்வமாக்குகிறது. செத்தவன் ஊருக்குச் சொந்தம், அவனுக்குப் படையல் வைக்கலாம், அவனிடம் கேட்கலாம். வார இதழின் நாயகன் சாக முடியாது. செத்தால் அடுத்த வாரம் பத்திரிகை விற்காது. ஆகவே ஸ்பைடர் எவ்வளவு குற்றம் செய்தாலும் தண்டனை இல்லை, எவ்வளவு காப்பாற்றினாலும் கோயில் இல்லை. அவன் தெய்வமாக முடியாமல் போனது இதனால்தான். கூர்மண்டையர் என்று செல்லப்பெயர் வைத்து, ஐம்பது வயதிலும் தேடிப்பிடித்துப் படிக்கும் தோழனாக அவன் நின்றான்.

தண்டனை வேறொரு திசையிலிருந்து வந்தது. ‘வாட்ச்மென்’ மூலம் சூப்பர்ஹீரோக் கதையின் போக்கையே 1986இல் மாற்றிய ஆலன் மூர், நார்த்தாம்ப்டனில் இந்தப் பிரிட்டிஷ் இதழ்களைப் படித்து வளர்ந்தவர். 2005இல் வெளிவரத் தொடங்கிய ‘ஆல்பியன்’ தொடருக்கு அவர் கதைக்கரு தர, மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். பழைய காமிக்ஸ் நாயகர்கள் எல்லாரும் உண்மையிலேயே வாழ்ந்தவர்கள், அரசு அவர்களைப் பிடித்து ரகசியச் சிறையில் அடைத்துவிட்டது என்பது கரு. அங்கே கிராண்டேலும் இருக்கிறான், ஸ்பைடரும் இருக்கிறான். சட்டத்துக்கு அடங்காத கற்பனையை ஒரு நாடு எப்படிப் பூட்டிவைக்கிறது என்று மூர் கேட்கிறார். கழுமரத்தின் அடியில் நின்று ஆரியமாலை கதை கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி புதிதாக இருக்காது.

சீகலுக்கு நீதி பாதிதான் கிடைத்தது. 1975இல், கோடிக்கணக்கில் செலவழித்து சூப்பர்மேன் படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தன் நிலையைச் சொல்லிப் பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் துணை நின்றார்கள். அந்த டிசம்பரில் வார்னர் நிறுவனம் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் தரவும், சூப்பர்மேனைப் படைத்தவர்கள் என்று இருவர் பெயரையும் மீண்டும் போடவும் இசைந்தது. 1996 ஜனவரியில் சீகல் இறந்தார். ஸ்பைடர் நூல்களிலும் பின்னர் அவர் பெயர் வந்தது. பழைய ஃபிளீட்வே தொகுப்பை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் ஸ்பைடர் கதைகளை நூலாக்கியபோது சீகல், கௌவன், ரெக் பன் மூவர் பெயரையும் அச்சிட்டது.

தமிழில் அந்த வேலை இன்னும் பாக்கி. ஸ்பைடரைத் தமிழ் பேசவைத்தவர்கள், படங்களை வெட்டி அடுக்கியவர்கள், வசனக் குமிழிகளுக்குள் கையால் எழுதியவர்கள் என்று பல கைகள் பட்டவை அந்தப் புத்தகங்கள். அவர்களில் பலர் பெயர் எந்த இதழிலும் இல்லை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களுக்காவது கூத்து முடிவில் பெயர் சொல்லிச் சால்வை போடும் வழக்கம் உண்டு. சிவகாசி அச்சகங்களில் அன்று வேலை செய்தவர்களில் பலர் இன்று முதுமையில் இருப்பார்கள். அவர்களைத் தேடிக் கண்டு, யார் எந்த இதழில் என்ன செய்தார் என்று எழுதி வைக்க ஒரு பல்கலைக்கழகத் துறையோ ஒரு வாசகர் குழுவோ இந்த ஆண்டே இறங்க வேண்டும்.